பல் முளைக்காதவளுக்கு வந்த அட்டை

என் அண்ணி சிரித்தால், எங்கள் வீட்டுக்குக் கீழே செருப்புத் தைக்கிறவர் சுத்தியலை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார். வாயெல்லாம் பல்லாக, கண் இரண்டும் காணாமல் போய், தோள் குலுங்கி, கடைசியில் ஒரு விக்கலில் போய் முடியும் சிரிப்பு அது. அவளை முதன்முதலில் பார்த்த அன்று என் அண்ணன் பதற்றத்தில் சூடான டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அவள் சிரித்துவிட்டாள். ஆள் அங்கேயே கவிழ்ந்துவிட்டான். வாழ்க்கையில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த டீயைக் கொட்டிக்கொண்டதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

நாங்கள் இருப்பது வெளிநாட்டில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள மாடி வீட்டில். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். வீட்டில் என் பெயர் ஹாரன். வேலையால் வந்த பெயர் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். குரலால் வந்தது என்பது நமக்குள் இருக்கட்டும். அண்ணனுக்குப் பார்சல் கிடங்கில் வேலை. அண்ணி ஒரு சலவைக் கடையில் துணி திருத்திக் கொடுக்கிறாள்: பேன்ட் காலைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, தொப்பை போட்டவர்களுக்கு இடுப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. வயதில் என்னைவிட நான்கு வருடம் சின்னவள், முறைக்கு அண்ணி. முறைக்காக நான் அவளை வாங்க போங்க என்பேன். வயதுக்காக அவளும் என்னை வாங்க போங்க என்பாள். எங்கள் வீட்டில் சண்டைகூட மரியாதையாகத்தான் நடக்கும்.

நாத்தனார் கதை சொல்கிறாள் என்றதும் நீங்கள் ஒரு மாதிரி நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. இந்தக் கதையில் தப்பு செய்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அண்ணிக்கு இரண்டு அக்காக்கள். பெரியக்கா ஒரு நாட்டில், சின்னக்கா இன்னொரு நாட்டில். தினமும் மதியம் மூன்று பேரும் வீடியோவில் கூடிவிடுவார்கள். அண்ணன் அதை மாநாடு என்பான். தலைக்கு எண்ணெய் வைப்பதிலிருந்து தலைவலிக்கு மாத்திரை போடுவது வரை அந்த மாநாட்டில்தான் தீர்மானமாகும். பெரியக்காவுக்கு மூன்று பிள்ளைகள், வாயில் மூன்று பல் இல்லை. சின்னக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு பல் போய்விட்டது, இன்னொன்று ஆடிக்கொண்டிருந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளை எலும்புக்கும் நகத்துக்கும் அம்மாவின் பல்லைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படாத விஷயம். அதனால் இரண்டு பேருமே சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கடைக்குட்டியான அண்ணிக்கு மட்டும்தான் அந்த வீட்டில் முழுச் சிரிப்பு இருந்தது.

குழந்தை பிறந்தது. பெண். வந்த முதல் வாரமே யார் எப்போது தூங்க வேண்டும், யார் எப்போது சாப்பிட வேண்டும் என்று அதிகாரம் செய்ய ஆரம்பித்ததால் அவளுக்கு முதலாளியம்மா என்று பெயர் வைத்தோம். முதலாளியம்மாவுக்குப் பத்து நாள் ஆனபோது, பல் துலக்கிய அண்ணி துப்பிய நுரை சிவப்பாக இருந்தது. அன்றைய மாநாட்டில் விஷயம் போனது.

"பிரஷ்ஷ தொடாதடி," என்றாள் பெரியக்கா. "பெத்த உடம்பு. ஈறெல்லாம் பச்சப் புண்ணு மாதிரி இருக்கும். வெந்நீர்ல கொப்புளிச்சிட்டு விரலால லேசா தேச்சா போதும். தானா நின்னுடும்."

"எனக்கும் அப்படித்தான் நின்னுது," என்றாள் சின்னக்கா, வாயைப் பொத்திக்கொண்டு.

அண்ணி பிரஷ்ஷைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டாள். விரலால் தேய்த்தால் ரத்தம் தெரியவில்லை. அக்காக்கள் சொன்ன வைத்தியம் பலித்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் தபாலில் ஒரு அட்டை வந்தது. இந்த வீட்டில் கடிதம் படிக்கிற அதிகாரம் என்னுடையது. பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன், இந்த ஊர் பாஷையில் பயணிகளோடு சண்டை போடுகிறேன், பிறகு யார் படிப்பது? மேலே அண்ணியின் பெயர். கீழே குழந்தை பிறந்த தேதி. பல் வைத்தியம் இலவசம், குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை செல்லும் என்று போட்டிருந்தது. நான் உரக்கப் படித்துக் காட்டியதும் வீடே சிரித்தது.

"ஒரு பல்லுகூட முளைக்கல, அதுக்குள்ள கார்டு அனுப்பிட்டாங்க பாரு!" என்றான் அண்ணன். "எனக்கு ஒரு சீப்பு அனுப்பச் சொல்லேன். முடி இருக்கும்போதே."

அண்ணியின் பெயர் போட்டிருக்கிறதே என்று யாருக்கும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? தடுப்பூசிக்கான கடிதம், எடை பார்க்க வரச் சொல்கிற கடிதம், எல்லாமே அண்ணி பெயருக்கு வந்து குழந்தைக்குத்தான் போகும். பிரசவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த சட்டை, சோப்பு, போர்வை, விசாரிப்பு எதுவுமே அண்ணிக்கு என்று வந்ததில்லை. அட்டையைக் குழந்தையின் ஃபைலில் தடுப்பூசிச் சீட்டுக்குப் பின்னால் நானே என் கையால் பத்திரமாகச் செருகினேன். அடியில் பொடி எழுத்தில் இருந்த நான்கு வரியைப் படிக்கவில்லை. பொடி எழுத்தைப் படிக்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் பஸ் ஓட்டப் போகிறேன்?

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் வேலை முடிந்து வந்து ஒரு கதை சொன்னேன். என் பஸ்ஸில் ஏறிய ஒருவர் தூங்கிப்போய், அந்தத் தடத்தில் மூன்று சுற்று சுற்றி, ஏறின இடத்திலேயே கண்விழித்து, "இன்னும் வண்டி எடுக்கலையா?" என்று என்னிடம் கோபமாகக் கேட்டார். அண்ணிக்கென்றே வழியெல்லாம் மெருகேற்றிக்கொண்டு வந்த கதை அது. அவள் கேட்டாள். கண் சிரித்தது. கை மட்டும் சட்டென்று போய் வாயை மூடிக்கொண்டது. இரண்டு நொடியில் எல்லாம் முடிந்துவிட்டது. கீழே சுத்தியல் நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் கதைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். குளிக்கும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ரொட்டியைக் கடிக்காமல் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாள். சலவைக் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு அனுப்பும் துணிகளைத் தைக்கும்போது நூலைப் பல்லால் கடித்து அறுப்பதுதான் அவள் வழக்கம்; இப்போது ஒவ்வொரு நூலுக்கும் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு திரிகிறாள். முன்பெல்லாம் உதட்டோரம் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே என்னோடு வம்பு பேசுவாள். இப்போது ஊசியும் இல்லை, வம்பும் குறைந்துவிட்டது.

மறுநாள் அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா திறங்க."

"மாட்டேன், போங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தானே கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். ஈறு உப்பிச் சிவந்து பளபளவென்று இருந்தது. நடுவில் ஒரு கீழ்ப்பல்லை நாக்கால் தள்ளினாள். அது நகர்ந்தது.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. போகட்டும் விடுங்க. புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கால்ல? அவளுக்குத்தானே குடுத்தேன்." முந்தானை இல்லாத சட்டை போட்டிருந்ததால் பாதி தைத்திருந்த யாருடைய பேன்ட் காலிலோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இனிமே எனக்குச் சிரிப்பு வரக்கூடாதுன்னு வேண்டிக்கறேன். சிரிச்சா தெரிஞ்சுடும். இன்னொரு புள்ளகூட வேணாம்னு இருக்கு. அதுக்கும் ஒண்ணு போகும். அப்புறம் நானும் அக்காங்க மாதிரி கையை வெச்சுக்கிட்டே இருக்கணும்."

நான் ஏதாவது அறிவோடு சொல்லியிருப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கும் அப்போது அதே நம்பிக்கைதான். எனக்குத் தெரிந்த பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோரும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் காட்டலாம் என்று மட்டும் சொன்னேன். இந்த ஊரில் பல் டாக்டரிடம் போனால் சொத்தை எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்று அவள் சொன்னாள். அது எனக்கும் தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இலவச அட்டை ஐந்தடி தூரத்தில் ஃபைலுக்குள் இருந்தது.

முதலாளியம்மாவுக்கு ஏழு மாதம் முடிந்த வாரம், கீழீறில் அரிசி முனை மாதிரி ஒரு வெள்ளை எட்டிப் பார்த்தது. வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அண்ணன் கிடங்குக்கு லீவு சொன்னான். நான் ஃபைலைத் திறந்து அட்டையை எடுத்தேன். "சும்மா கிடக்குதே, அஞ்சு மாசத்துல காலாவதி ஆயிடும். கூட்டிட்டுப் போய்க் காட்டிடுவோம்," என்றேன். குழந்தைக்கு இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டு, ஒற்றைப் பல்லோடு ஒரு படம் எடுத்து அக்காக்களுக்கு அனுப்பிவிட்டு, நான்கு பேரும் கிளம்பிப் போனோம்.

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில், கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள் இருந்தாள். நான் அட்டையை வைத்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள், அண்ணன் தோளில் இருந்த முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

"யாருக்குப் பார்க்க வேண்டும்?"

"இவளுக்குத்தான். ஒரு பல் வந்திருக்கிறது," என்றேன் பெருமையாக.

"இது இவளுடைய அட்டை இல்லையே. தாயுடையது."

"தாய் பேரில்தான் அனுப்புவீர்கள். எல்லாக் கடிதமும் அப்படித்தான் வருகிறது. ஆனால் குழந்தைக்குத்தான்," என்று நான் அவளுக்கே விளக்கம் கொடுத்தேன். சாலை விதி தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக வேறு சொன்னேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் படிக்காமல் விட்ட அந்தப் பொடி எழுத்தை விரல் வைத்து வாசித்தாள். குழந்தைகளுக்கு அட்டையே தேவையில்லை, சும்மாவே பார்ப்பார்கள். இது பிள்ளை பெற்றவளுக்கு. பிரசவத்துக்குப் பிறகு ஈறும் பல்லும் கெட்டுப்போகலாம் என்பதால் ஒரு வருடம் முழுவதும் அவளுக்கு இலவசம். "ஏழு மாதம் கழித்து வந்திருக்கிறீர்களே," என்றாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அண்ணி எங்கள் இருவரையும் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"இந்தக் கார்டு உங்களுக்காம்."

"எனக்கா?"

"உங்களுக்கேதான்."

"எனக்குன்னே அனுப்பினாங்களா?" என்று கேட்டு அட்டையைக் கையில் வாங்கித் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம் அவள். அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

டாக்டரம்மா முதலில் முதலாளியம்மாவின் ஒற்றைப் பல்லைப் பார்த்து முறைப்படி பாராட்டிவிட்டு, அண்ணியை நாற்காலியில் படுக்கவைத்தார். மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்று அளந்தார். அவர் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினாள். மூன்றுக்குள் இருந்தால் நல்லது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். நாலு, நாலு, ஐந்து, ஐந்து. அந்தக் கீழ்ப்பல்லில் ஆறு, ஏழு.

"எப்படிப் பல் துலக்குகிறீர்கள்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணி ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள்.

டாக்டரம்மா விரலைப் பார்த்தார். "எவ்வளவு நாளாக?"

"ஏழு மாதம்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார். பிள்ளை தாயின் பல்லை எடுப்பதில்லை. எலும்புக்கு வேண்டியது சாப்பாட்டிலிருந்தும் தாயின் எலும்பிலிருந்தும் போகும், பல்லிலிருந்து போகாது. பிள்ளை உண்டானால் ஈறு சீக்கிரம் வீங்கும், கொஞ்சம் அழுக்கு தங்கினாலும் ரத்தம் வரும். ரத்தம் வந்தால் அந்த இடத்தை இன்னும் நன்றாகத் துலக்க வேண்டும் என்று அர்த்தம். துலக்காமல் விட்டதால் அழுக்கு காரையாக இறுகி, ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைப் பிடித்திருக்கிற எலும்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

"புள்ள எடுக்கலையாம்," என்றேன்.

"திரும்பக் கேளுங்க," என்றாள் அண்ணி.

திரும்பக் கேட்டேன். அதே பதில். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். காதோரமாகக் கண்ணீர் வழிந்தது. பக்கத்தில் அண்ணன் தோளில் முதலாளியம்மா ஜொள்ளு விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பல் நிற்குமா என்று நான் கேட்டேன். இரண்டு தடவையாக மரத்துப்போகச் செய்து அடி வரை சுத்தம் செய்கிறேன், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்றார். எட்டு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அதற்குள் ஈறு இறுகிப் பிடித்துவிட்டால் பல் நிற்கும். பிடிக்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். "என் வேலை இரண்டு மணி நேரம். அவருடைய வேலை எட்டு வாரம்," என்றார். நூலைக் கடிப்பதும் ஊசியைக் கவ்வுவதும் இனி கிடையாது. பால் கொடுக்கும்போதெல்லாம் பசிக்கிறது என்று கொறிக்கிற இனிப்பு பிஸ்கட்டும் கிடையாது. பிஸ்கட் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

முதல் நாள் பிரஷ்ஷை எடுத்ததும் ரத்தம் குபுக்கென்று வந்தது. அண்ணி அலறிவிட்டாள்.

"பாருங்க! அக்கா சொன்னது சரிதான்!"

"உங்க அக்கா வாயில எத்தனை பல்லு இருக்குன்னு மொதல்ல எண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம். தேய்ங்க!"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஹாரன் ஹாரன்தான். அவள் முறைத்துக்கொண்டே தேய்த்தாள்.

பிரஷ்ஷைச் சாய்த்து, பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும் என்று டாக்டரம்மா காட்டியிருந்தார். அதற்குக் கண்ணாடி வேண்டும். எங்கள் குளியலறைக் கண்ணாடியை மாட்டினவர் ஆறடிக்கு மேல் உயரம் போலிருக்கிறது. அதில் அண்ணிக்குத் தன் நெற்றிதான் தெரியும். இத்தனை மாதமாகத் தன் ஈறு வீங்கியதை அவள் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். நான் டிப்போ மெக்கானிக்கைக் காக்காய் பிடித்து, மூலையில் கீறல் விழுந்த பழைய பஸ் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து குழாய்க்கு மேலே கட்டினேன். பின்னால் வருகிற லாரியைப் பார்ப்பதற்காகச் செய்த கண்ணாடி. அதில் அண்ணியின் கடைவாய்ப் பல்கூட ஒளிய முடியவில்லை.

காலையும் இரவும் இரண்டு நிமிடம். அண்ணன் போனில் நேரம் பார்ப்பான். பார்சல் பெட்டியை விட இதில்தான் அவனுக்கு அக்கறை அதிகம். பல் இடுக்குக்கென்று குட்டிப் பிரஷ் ஒன்று கொடுத்திருந்தார்கள். பாட்டில் கழுவுகிற பிரஷ் குட்டி போட்டது மாதிரி இருந்தது. ஒவ்வொரு இடுக்காக அதை விட்டு எடுப்பதற்குள் அண்ணி பொறுமையிழந்து வாய் நிறைய நுரையோடு என்னைத் திட்டுவாள். என்ன திட்டுகிறாள் என்று புரியாததால் எனக்கும் வருத்தமில்லை. யாரும் பார்க்காத ஒரு மத்தியானம் நானும் அந்தக் கண்ணாடியில் என் வாயைத் திறந்து பார்த்தேன். பார்த்ததை இங்கே சொல்லப்போவதில்லை. மறுநாள் முதல் குளியலறையில் இரண்டு குட்டிப் பிரஷ் இருந்தன.

அக்காக்களிடம் அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பல்லு நின்னா சொல்றேன். நிக்கலன்னா எதுக்குச் சொல்லணும்?" என்றாள். மாநாட்டில் வழக்கம் போலக் கையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்ன இரண்டு தடவைச் சுத்தமும் முடிந்து, நான்காவது வாரம் நுரை வெளுத்தது. ஆறாவது வாரம் ரத்தமே இல்லை. ஆனால் பல்லைத் தொட்டுப் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாக்கையே அந்தப் பக்கம் விடாமல் பேசிப் பழகிக்கொண்டாள்.

எட்டாவது வாரம் மறுபடி அதே நாற்காலி, அதே கம்பி. மேல் வரிசை மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. நான் என் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன். கீழ் வரிசைக்கு வந்தார். அந்தப் பல்லில் கம்பியை இறக்கினார், எடுத்தார், சந்தேகம் போலிருக்கிறது, மறுபடி இறக்கினார்.

"நாலு."

பிறகு இரண்டு கருவிகளின் பிடியால் பல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தார். "பிடித்துவிட்டது. இப்படியே பார்த்துக்கொண்டால் இது உங்களோடு கிழவியாகும்," என்றார்.

நான் அதை மொழிபெயர்த்தேன். வாயில் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சும் குழாயுமாகப் படுத்திருந்த அண்ணி சிரித்துவிட்டாள். குழாய் எகிறிப் போய் நர்ஸ் மேல் விழுந்தது. வெளியே உட்கார்ந்திருந்த அண்ணன் குழந்தையோடு ஓடிவந்து கதவைத் திறந்தான். வரவேற்பு அம்மாள் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணி நிறுத்தவில்லை, விக்கல் வரும் வரை சிரித்தாள். ஐந்தாறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அன்றைக்கே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை.

அன்று மதியம் மாநாடு கூடியதும் நான் வரிந்துகட்டிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவாகவே இருந்தேன். அண்ணி முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள்: அட்டை, அளவு, காரை, எட்டு வாரம். சின்னக்கா நம்பவில்லை.

"அதெல்லாம் அங்க உள்ளவங்க உடம்புக்குச் சொல்றது. நமக்கு வேற," என்றாள்.

சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"புள்ள எடுக்காதாமா?"

"எடுக்காதாம்க்கா. ரெண்டு தடவை கேட்டோம்."

"அப்ப எனக்குப் போனது?"

என்னிடம் தயாராக இருந்த நறுக்கு வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"மொதப் பல்லு போனப்ப எனக்கு இருபத்திமூணு வயசு," என்றாள் பெரியக்கா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி சொன்னாள். "சோத்துல விழுந்துச்சு. அழுகை வந்துச்சு. புள்ளைக்குக் குடுத்ததுக்குப் போய் யாராவது அழுவாங்களான்னு நெனச்சு அடக்கிக்கிட்டேன். மூணு தடவையும் அப்படித்தான்." நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "யாருக்கும் குடுக்கலையாடி நான்? சும்மாவே போச்சா?"

"அக்கா," என்றாள் அண்ணி.

பெரியக்கா எழுந்து போய்விட்டாள். திரையில் பாதி நறுக்கிய காயும் சுவரும்தான் தெரிந்தன. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நாங்கள் நினைத்தோம். சின்னக்கா, "உன்னை யாருடி இதெல்லாம் சொல்லச் சொன்னது?" என்று அண்ணியை ஏச ஆரம்பித்தாள். அப்போது பெரியக்கா திரும்பி வந்தாள். கையில் ஒரு பிரஷ்.

"மிச்சம் இருக்கறது இருபத்தொம்பது," என்றாள். "எப்படி வெக்கணும்? காட்டு."

அண்ணி பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். பெரியக்கா போனுக்கு அருகே வந்து வாயைத் திறந்து, சொன்னபடியே சின்ன வட்டமாகச் சுற்றினாள். நான்கு சுற்றுக்குப் பிறகு நிறுத்தி, பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"ரத்தம் வருதுடி."

"வரட்டும்க்கா," என்றாள் அண்ணி. "நிறுத்தாதீங்க."